மேற்கோள்குறிக்குள் ஒரு மந்தை

செப்டம்பர் இறுதி. ஹூனா விரிகுடாவில்
மழை படுத்துக்கொண்டே பெய்கிறது.
மலையிலிருந்து இறக்கிய ஆடுகள்
தராசுக் கூண்டு வழியே ஒவ்வொன்றாய்ப் போகப் போக
தராசு ஒரு கோப்பு எழுதுகிறது.
ஆட்டுக்கு ஒரு வரி.
வரிக்குள் காதுவில்லை, எடை, சினை,
எல்லாமே மேற்கோள்குறிக்குள்,
பட்டியில் அடைத்த மாதிரி.

நான் கூட்டுறவுக் கிடங்கின் மாடியில் இருக்கிறேன்.
பதினெட்டு வரி ஸ்கிரிப்ட். என்னுடையதுதான், மறுக்க முடியாது.
கனத்தது மேலே, இலேசானது கீழே,
முதல் நாற்பதுக்குக் கூடுதல் விலை.

ஹ்யோர்லேய்வுர் படியேறி வந்தார்,
காலணியில் பாதி மலையோடு.
ஈரத் தாளை என் விசைப்பலகைமேல் வைத்தார்.
"நூற்றிரண்டு கிலோ கிடா
முப்பத்தொரு கிலோக் குட்டிக்குக் கீழே நிற்கிறது.
உங்கள் இயந்திரம் ஆட்டைப் பார்த்திருக்கிறதா?"

இல்லை.
அது ஒரு மூன்றைப் பார்த்தது, ஒரு ஒன்றைப் பார்த்தது.
முதல் எழுத்துக்கு முதல் எழுத்து.
மூன்று பெரிது, வழக்கு முடிந்தது.
குறிக்குள் இருக்கும்வரை நூற்றிரண்டு எடையில்லை;
ஒன்று, சுழி, இரண்டு என்று எழுத்துக்கூட்டிய ஒரு சொல்.
அகராதியில் இறாலுக்குப் பின்னால்தான் திமிங்கிலம் வரும்,
அங்கே யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

எண்ணாக மாற்று என்று ஒரு சொல் சேர்த்தேன்.
கிடா எழுந்து மேலே போயிற்று.
ஹ்யோர்லேய்வுர் காபி கேட்டார், சர்க்கரை மூன்று.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.
ருசி கண்ட விரல். கண்ணில் பட்ட இலக்கத்தையெல்லாம்
எண்ணாக்கினேன்.
அவருடைய 0417
முன்சுழியை உதிர்த்துவிட்டு 417 ஆனது.
417 ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்,
ஆற்றுக்கு அக்கரையில், சிகுர்லாய்க் பண்ணையில்.
இரண்டு சமக்குறி போட்டிருந்தேன்;
இரண்டுக்கு எல்லோரும் ஒன்றுதான், மூன்றாவது கோடு இருந்தால்தான்
முகம் பார்க்கும்.
ஓர் ஆட்டின் பணம்
கால் நனையாமல் ஆற்றைக் கடந்தது.

சினை என்ற இடத்தில் 'பொய்' என்று இருந்தது.
ஸ்கிரிப்ட் அதை வாசிக்கவில்லை,
ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தது.
எழுதியிருந்தது. ஆகவே மெய்.
அன்று மதியம் எங்கள் பள்ளத்தாக்கில்
ஆயிரத்து முந்நூறு ஆடுகள் சினை,
கிடாக்கள் உட்பட.

ஒரே ஒருத்தியின் எடை மட்டும் வெற்று.
கூண்டைத் தாண்டிக் குதித்தவள்.
இந்த மொழியில் வெற்றை எண்ணாக்கினால் சுழியாம்,
ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல்.
எடையே இல்லாத அந்த ஆடு
கீழே முற்றத்தில் நின்று
என் சைக்கிள் இருக்கையைத் தின்றுகொண்டிருந்தது.

இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து எழுதினேன்:
எடையே, நீ எண்.
காதுவில்லையே, நீ பெயர்; இலக்கம் போட்ட பெயர்.
உன்னைக் கூட்ட மாட்டேன், கழிக்க மாட்டேன்,
உன் சுழியைத் தொட மாட்டேன்.
'பொய்' என்றால் பொய் என்றே படி.
வெற்று என்றால் நில், கேள்,
யாராவது மழையில் இறங்கிப் போய்
அவளைப் பிடித்து வரட்டும்.

திங்கட்கிழமை சிகுர்லாய்க்கிடமிருந்து ஓர் உறை.
உள்ளே அந்தப் பட்டுவாடாச் சீட்டு, மடித்தபடி.
கடிதம் இல்லை, திட்டு இல்லை.
417க்கு முன்னால்
பென்சிலால் ஒரு சுழி,
அழுத்தி.